ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் குடிவந்தவர் கேட்டதற்கு ஒரு நீண்ட பதில்

திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறேன், ஆறு மாதம் ஆயிற்று, கரண்ட் போவதும் சாலையைத் தோண்டுவதும் தண்ணீர் வராததும் எதுவுமே முன்கூட்டித் தெரிவதில்லை, இங்கே உள்ளூர்ச் செய்தி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஏதாவது தொண்டு செய்யலாம் என்றால் யாரிடம் போவது என்று இன்னொரு கேள்வி. கூட இருக்கும் அம்மாவுக்குப் பேச ஆளில்லை என்று கடைசியில் ஒரு வரி. இவற்றை நான் மூன்று கேள்விகளாகப் பார்க்கவில்லை. ஊரில் குளத்து மடை திறப்பதும் கோயில் கொடைக்குக் கால் நாட்டுவதும் யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே எதிர் வீட்டில் ஒருவர் தவறிவிட்டால்கூட வாசலில் பந்தல் போட்ட பிறகுதான் தெரிகிறது. அந்த ஊர்க்காரத்தனத்தை இங்கே எப்படிச் சம்பாதிப்பது என்றுதான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் செம்பாக்கத்தில் 1994 முதல் இருக்கிறேன். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு 11 வருடம் செயலாளராக இருந்தேன். அதில் 7 வருடம் மாதம் ஒரு நாலு பக்கத் தாள் போட்டோம். 400 பிரதி ஜெராக்ஸ் எடுத்து, பால் போடும் பையனிடம் கொடுத்தால் பாக்கெட்டோடு வாசலில் வைத்துவிடுவான். பத்திரிகைப் படிப்பு எதுவும் எனக்கில்லை. நான் சொல்வதெல்லாம் தாம்பரத்துக்குக் கிழக்கே இந்த நாலைந்து கிலோமீட்டருக்குள் பார்த்தது. ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் அலுவலகப் பழக்கவழக்கம் வேறாக இருக்கலாம்.

முதலில் செய்தி. சென்னையில் பகுதிப் பத்திரிகை என்று ஒரு மரபே உண்டு. மயிலாப்பூர் டைம்ஸ் 1994-இல் தொடங்கியது. வீடு தேடி வரும், காசு கிடையாது. மாம்பலம், அண்ணா நகர் பக்கமும் இப்படிப்பட்ட வாரப் பத்திரிகைகள் வந்தன. இவற்றை நடத்துவது நகைக்கடை, ஜவுளிக்கடை, டியூஷன் சென்டர், வீடு வாடகை விளம்பரம். ஒரே பகுதிக்குள் அவ்வளவு கடை இருந்தால்தான் அந்தக் கணக்கு கட்டும். எங்கள் தாளுக்கு ஒரு மெடிக்கல் ஷாப்பும் ஒரு மாவு மில்லும்தான் விளம்பரம் கொடுத்தார்கள். மாவு மில்காரர் பணத்துக்குப் பதில் இட்லி மாவு கொடுத்த மாதமும் உண்டு. ஆகவே ராஜகீழ்ப்பாக்கத்துக்கென்று ஒரு பத்திரிகையைத் தேட வேண்டாம். செய்தி துண்டு துண்டாக வேறு வேறு ஆட்களிடம் கிடக்கிறது, பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அதில் உறுதியானது எது என்று பார்த்தால், எழுத்தில் வருவதுதான். பராமரிப்புக்காக நிறுத்தும் மின்சாரத்தைப் பற்றி மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது, நாளிதழ்களிலும் வரும். ஆனால் அந்த அறிவிப்பு துணை மின்நிலையத்தின் பெயரில் இருக்கும், உங்கள் தெருவின் பெயர் பட்டியலில் விட்டுப்போயிருக்கும். அதனால் உங்கள் வீட்டுக்கு எந்த துணை மின்நிலையத்திலிருந்து, எந்த ஃபீடரில், அதாவது அங்கிருந்து கிளம்பும் எந்த மின்பாதையில், கரண்ட் வருகிறது என்று லைன்மேனிடம் ஒருமுறை கேட்டு, மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். இத்தனை வருடத்தில் புதிதாக வந்த எல்லாருக்கும் நான் சொல்லும் முதல் வேலை இதுதான்.

இரண்டாவது, உங்கள் வார்டு எண். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற 5 நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற 5 பேரூராட்சிகளும் ஒன்றாயின. இப்போது மொத்தம் 70 வார்டு, 5 மண்டலம். உங்கள் வீட்டுக்காரர் வைத்திருக்கும் பழைய வரி ரசீதில் இருப்பது பழைய நகராட்சி வார்டாக இருந்தால், அதை வைத்துப் புகார் கொடுப்பது விலாசம் தப்பிய கடிதம் மாதிரிதான், எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும். புதிய எண்ணைத் தெரிந்துகொண்டால் கவுன்சிலர் யார், மண்டல அலுவலகம் எது, துப்புரவு ஆய்வாளர் யார் என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

மூன்றாவது, பகுதி சபை. கிராமசபை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நகரத்துக்கு அதே மாதிரி வார்டு குழு, பகுதி சபை என்று 2022-இல் விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நம் மாநகராட்சியிலேயே பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சர் வந்தார். அன்று கூட்டம் நிரம்பி வழிந்தது. அதற்குப் பிறகு நான் போன கூட்டங்களில் முப்பது பேர் வந்தால் அதிகம். அதில் பாதிப்பேர் கவுன்சிலரோடு வந்தவர்கள். இதில் நொந்துகொள்ள ஒன்றுமில்லை, உங்களுக்கு வசதிதான். முப்பது பேரில் ஒருவராக எழுந்து நின்று, கையில் எழுதி வைத்த மனுவைக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கினால் உங்கள் முகம் ஞாபகத்தில் நிற்கும். அடுத்த மாதம் எந்தத் தெருவுக்குச் சாலை, எங்கே மழைநீர் வடிகால் என்பதையும் அங்கேதான் முதலில் கேட்பீர்கள். அந்தச் செய்திக்கு விலை உண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுவிட்டால், அடுத்த மழையில் தெருத் தண்ணீர் உங்கள் வாசற்படி ஏறும். எங்கள் தெருவில் இரவு பதினொரு மணிக்கு லாரி வந்தது. முன்பே தெரிந்திருந்ததால் நாலு பேர் இஞ்ச் டேப்போடு நின்றோம். சுரண்டித்தான் போட்டார்கள். அடுத்த தெருவுக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே இன்றும் இரண்டு வீட்டு கேட் சாலைக்குக் கீழே இருக்கிறது.

எழுத்தில் வராத செய்திக்கு ஆட்கள் இருக்கிறார்கள். தண்ணீர் வால்வு திறப்பவர், காலையில் குப்பை வண்டியோடு வரும் அம்மா, தெருமுனையில் இஸ்திரி போடுபவர். பைப் உடைந்தால் கவுன்சிலருக்குத் தெரிவதற்கு முன்பே வால்வு திறப்பவருக்குத் தெரியும். எந்த வீடு காலியாகிறது, எந்த வீட்டில் ஆள் படுத்த படுக்கை என்பது இஸ்திரிக்காரருக்குத் தெரியும். இவர்களுடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கையில் ஏதாவது கொடுங்கள்.

சந்தேகத்துக்குரியது வாட்ஸ்அப் குழு. அதில் சேராதீர்கள் என்று சொல்ல மாட்டேன், இன்று அதுதான் தெருத் திண்ணை. ஆனால் ஒரு மழை இரவு, ஒன்பதரை மணி இருக்கும், ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று படத்தோடு ஒரு செய்தி வந்தது. பத்து நிமிடத்தில் எல்லா குழுவிலும் சுற்றியது. கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் பீரோவைக் காலி செய்து துணிமணியை மாடிக்கு ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நானும் எதிர்வீட்டு இளைஞர் ஒருவரும் டார்ச் எடுத்துக்கொண்டு கரை வரைக்கும் நடந்தோம். கரை கரையாகத்தான் இருந்தது, தவளைச் சத்தம் காதைப் பிளந்தது. திரும்பி வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஓரத்தில் இருந்த கடைப் பலகையில் வேறு மாவட்டத்தின் பெயர். படத்தை முதலில் போட்டவர் கெட்டவர் இல்லை. அவருடைய மைத்துனர் அனுப்பினாராம், மைத்துனருக்கு வேறு யாரோ. அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்தோம்: நீங்களே பார்த்தீர்களா, எத்தனை மணிக்கு, எந்தத் தெரு? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியைப் போடக்கூடாது. ஒரு மாதம் பலருக்குக் கோபம். அப்புறம் பழகிவிட்டது. எங்கள் அச்சுத் தாளிலும் தப்பு வராமல் இல்லை. செவ்வாய்க்கிழமை கரண்ட் நிறுத்தம் என்று நானே போட்டு, அது வியாழக்கிழமை வந்து, ஒரு மாமி என்னை மூன்று மாதம் நிற்க வைத்துக் கேட்டார்.

இனி தொண்டு. சிட்லபாக்கம் ஏரியின் கதையிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிடம்தான். 2019 கோடையில் சென்னையே வறண்டு கிடந்தபோது, சிட்லபாக்கம் ரைசிங் என்ற அமைப்பைச் சேர்ந்த குடியிருப்புவாசிகள் மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கினார்கள். கைகளால் ஒரு ஏரியைத் தூர்வாரிவிட முடியாது, அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் படித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பாட்டி பேரன் என்று குடும்பம் குடும்பமாக இறங்கியது செய்தியானது. அந்த வருடமே அரசு ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவித்தது. அன்று அள்ளிய சேற்றைவிட, அள்ளினார்கள் என்ற செய்திதான் அதிக வேலை செய்தது என்பது என் கணிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஏரி சுத்தம் செய்யக் கூப்பிட்டால் போங்கள், ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள்: சாக்கடை வந்து விழும் வாயை யார் அடைப்பது? அது அடைபடாத ஏரியில் ஆகாயத்தாமரையை இன்று இழுத்துப் போட்டால் சில மாதத்தில் மறுபடி மூடிவிடும். நான் இரண்டு முறை இழுத்துப் போட்டவன். முதுகு வலி மட்டும் நிரந்தரமாக நின்றது.

ஏரிகளை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம், நாம் இருப்பது ஒரு சங்கிலியின் நடுவில். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்று நிரம்பி ஒன்றாக வழிந்து கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும் தண்ணீர் இது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் பள்ளிக்கரணை 2022-இல் சேர்ந்தது. நடுவில் ஒரு கால்வாயை யாராவது மறித்தால், மறித்தவர் வீட்டில் தண்ணீர் நிற்காது, மேலே இருப்பவர் வீட்டில் நிற்கும். ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் தெருவிலிருந்து அடுத்த கால்வாய் வரை நடந்து, எந்த இடத்தில் கட்டடக் குப்பை கொட்டியிருக்கிறது என்று படம் எடுத்து மண்டல அலுவலகத்தில் கொடுப்பது இரண்டு மணி நேரத்தில் முடிகிற தொண்டு. யாரும் மாலை போட மாட்டார்கள். ஆனால் எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தருவது குறைவு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் போனவர்களில் நானும் ஒருவன். அங்கே கற்றுக்கொண்டதை இன்னும் யாரும் சரியாக எழுதவில்லை என்பதால் சொல்கிறேன். இரண்டாம் நாளே சாம்பார் சாதப் பொட்டலம் குவிந்துவிட்டது. புளித்துப் போய்க் கொட்டினோம். கிடைக்காமல் அலைந்தது மெழுகுவத்தி, கொசுவத்தி, சானிட்டரி நாப்கின், பிரஷர் மாத்திரை, பிளீச்சிங் பவுடர், காய்ந்த துண்டு. இன்னும் மோசம், எந்த வீட்டு மாடியில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்று படகோடு நின்றவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. திரும்பி வந்ததும் எங்கள் தெருக்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டோம். தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் போகிறவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், அவர்கள் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் எண். ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சம்மதித்த பிறகுதான் எழுதினோம். நோட்டு இரண்டு பேரிடம் மட்டும் இருக்கும், குழுவில் போடுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கரண்டும் சிக்னலும் போனபோது, போன் வேலை செய்யாத அந்த இரண்டு நாளும் அந்த நோட்டுதான் வேலை செய்தது. ஒவ்வொரு புரட்டாசியிலும் அதைப் புதுப்பிக்க ஒரு ஆள் வேண்டும். உங்கள் தெருவில் இப்படி ஒன்று இல்லையென்றால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு அதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆசை என்று எழுதியிருந்தீர்கள். நல்லதுதான். பக்கத்து அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழு என்று பெற்றோர்கள் உள்ள குழு ஒன்று கல்வி உரிமைச் சட்டப்படி எல்லா அரசுப் பள்ளியிலும் இருக்கிறது, அதன் வழியாகப் போவதுதான் முறை. நேராக வகுப்புக்குள் நுழையும் தொண்டரை எந்த நல்ல தலைமை ஆசிரியரும் விட மாட்டார், விடக்கூடாது. குழந்தைகளோடு படம் எடுத்துப் போடுவதற்காக வரும் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து அவர்கள் சலித்திருக்கிறார்கள். மூன்று மாதம் தவறாமல் வர முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் வந்து நின்றுபோவதைவிட வராமல் இருப்பது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லது. வர முடியுமா தெரியவில்லை என்றால் கிளை நூலகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1948-ஆம் வருடச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது, வரியில் நூற்றுக்குப் பத்து ரூபாய். உங்கள் வாடகைக்குள்ளும் அது இருக்கிறது. அங்கே வாசகர் வட்டம் என்று ஒன்று பெயரளவிலாவது இருக்கும். ஞாயிறு காலை நாலு பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன் என்று சொன்னால் நூலகர் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகத் தேர்வு எழுதித்தரும் வேலையும் உண்டு. ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டிவரும், கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும், அவர்கள் சொல்வதில் ஒரு எழுத்து கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. அதுதான் மிகக் கஷ்டம்.

வெளியே போய் ஏதாவது பார்க்க வேண்டும் போல இருந்தால், தை பிறந்ததும் இரண்டு இருக்கின்றன. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு, 2015 முதல் நடக்கிறது. வீட்டு மொட்டை மாடியிலிருந்துகூடப் பதினைந்து நிமிடம் எண்ணிப் பதியலாம். இன்னொன்று ஆமை நடை. மாணவர்கள் 1988-இல் தொடங்கிய அமைப்பு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கடற்கரையோரம் நடந்து, பங்குனி ஆமை முட்டையிட்ட குழியைத் தேடி, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறது. ஒரு குழியில் நூறுக்கு மேல் இருக்கும், பிங்பாங் பந்து மாதிரி. ஒன்றரை மாதத்தில் குஞ்சு. டார்ச் அடிக்க விட மாட்டார்கள், ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும், ஆமை வராமலும் போகலாம்.

ரத்ததானத்துக்கு விதி எளிது: 18 முதல் 65 வயது, 45 கிலோவுக்குக் குறையாத எடை, ஆண்களுக்கு மூன்று மாதமும் பெண்களுக்கு நாலு மாதமும் இடைவெளி. தெருநாய் விஷயத்தில் நான் கை வைக்கவில்லை. எங்கள் சங்கம் அதில் இரண்டாக உடைந்து இன்னும் ஒட்டவில்லை, ஆகவே என் ஆலோசனை உங்களுக்கு வேண்டாம்.

பணம் கேட்கும் குழுக்களைப் பற்றி ஒன்று. நலச்சங்கமோ தொண்டு அமைப்போ, 1975-ஆம் வருடச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிந்திருந்தால் பதிவு எண் இருக்கும், வருடக் கணக்கு இருக்கும், பொதுக்குழு கூட்ட வேண்டும். போன வருடக் கணக்கைக் காட்டுங்கள் என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். நல்லவர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள். என்னிடம் முதல்முதலில் கணக்கு கேட்டவர் பிற்பாடு எங்கள் பொருளாளர் ஆனார். முதல் மூன்று மாதம் பணம் எதுவும் தராமல் நேரத்தை மட்டும் கொடுங்கள், ஆட்கள் யார் என்று தெரிந்துவிடும்.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவர் நெல்லைத் தமிழ் பேசினால் இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, கேம்ப் ரோட்டிலிருந்து மேடவாக்கம் வரை பாதித் தெருவில் தென்மாவட்டக்காரர்கள்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரைப் பூக்காரம்மா உட்காரும் முனை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, நீங்கள் அரைமணி கழித்துப் போங்கள். நான் சொன்ன நோட்டை நீங்கள் தொடங்கினால், எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பதை இரண்டு வாரத்தில் அவர்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறார். அதில் ஆறேழு பேருக்குத் தினம் காலை ஒரு போன் போட்டு, எழுந்தாச்சா, காபி ஆச்சா என்று கேட்கும் வேலையையும் அவரிடமே கொடுத்துவிடலாம். எங்கள் தெருவில் அந்த வேலையை 81 வயதில் ஒரு பாட்டி செய்துகொண்டிருக்கிறார். நான் எழுந்திருக்க ஏழு மணியாகிவிட்டால் எனக்கும் போன் வரும்.